டீசல் காரின் ஞாயிற்றுக்கிழமை

என் மனைவிக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். நிலையம் குளுவாங் டவுனில், எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட ஓட்டம். பழைய கார் ஒருமுறை அவளோடு நடுரோட்டில் நின்றுபோனது. அதற்குப் பிறகு, நிற்காத வண்டி ஒன்று வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இல்லை.

பழைய கார் விற்கும் கடையில் இரண்டைக் காட்டினார்கள். ஒன்று பெட்ரோல், ஒன்று டீசல். உடன் வந்த என் மனைவியின் அண்ணன் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டியவர்.

"டீசல் எடுங்க மச்சான். நான் ரிட்டயர் ஆயிட்டேன், என் லோரி இன்னும் ஓடுதுலா!"

நாலு பேர் முன்னால் எனக்குக் கேள்வி கேட்க வராது. தலையாட்டினேன். கோயிலில் நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

சில மாதங்களில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒருநாள் நிலையத்துக்குப் போகும் வழியில் கார் இழுக்கவே இல்லை. பின்னால் ஹாரன் அடிக்க அடிக்க, ஊர்ந்துதான் போய்ச் சேர்ந்தோம். அவள் கதவுப்பிடியை விடவே இல்லை.

பட்டறைக்காரர் பார்த்தார். "புகைய வடிகட்டுற பில்டர் அடைச்சிருச்சுண்ணே. எஞ்சின் சூடாகறதுக்குள்ள நிறுத்திடுறீங்க. பழைய லோரியில இதெல்லாம் ஏது? வாரத்துல ஒரு நாள் ஹைவேல நல்லா ஓட்டுங்க, கரி எரிஞ்சிடும்."

வீட்டில் சொன்னேன். "அலமாக், அதுக்கும் கிட்னி போச்சா?" என்று அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் ஆயர் ஹீத்தாம் போய், நெடுஞ்சாலையில் ஏறி, யோங் பெங் தாண்டித் திரும்புவோம். டயாலிசிஸ் நாளும், அடித்துப் போட்டதுபோல் கிடக்கும் மறுநாளும் போக, அவளுக்கு ஓய்வென்று இருந்ததே அந்த ஒரு நாள்தான். சன்னலில் தலை சாய்த்தபடி வருவாள். வழியில் நான் வாங்கித் தரும் எதையும், பத்தியத்தால் அவளால் சாப்பிட முடியாது.

போன ஞாயிறு விளக்கு மறுபடியும் எரிந்தது. அவளால் படுக்கையைவிட்டு எழ முடியவில்லை.

"நீங்க மட்டும் போயிட்டு வாங்க. நாளைக்கு வண்டி வேணுமில்ல?"

தனியாகப் போனேன். சாலையைவிட அந்த விளக்கைத்தான் அதிகம் பார்த்தேன். அது அணைந்ததும் ஓய்விடத்தில் நிறுத்திப் போன் செய்தேன். வெகுநேரம் அடித்தது. நான் பயந்துவிட்டேன்.

"அணைஞ்சிருச்சா?" என்றாள், எடுத்ததும்.

"அணைஞ்சிருச்சு."

"அப்ப வீட்டுக்கு வாங்க."