தலைமன்னாரில் நின்றபடியே இந்தியா போன என் மருமகள்

தலைமன்னாருக்கு ரயில் திரும்பி வந்த வருடம், ஆவணி மாதத்தில் ஒரு புதன்கிழமை அங்கே போனேன். கடலைப் பார்க்க நான் போகவில்லை. கடல்தான் என்னைப் பார்க்க ஆசைப்பட்டது. உண்மைக் காரணம் என் தங்கச்சி மகள் ஜெனிற்றா. மன்னாரில் ஒரு மருந்துக் கம்பனியின் ரெப், அதாவது விற்பனைப் பிரதிநிதி. கம்பனி அவளிடம் ஒரு டெப்பை, பலகை போன்ற கையடக்கக் கணினியைக் கொடுத்து, டாக்டர்மாரைச் சந்திப்பதெல்லாம் இனி இதில் பதிவாக வேண்டும் என்றது. சரிவராவிட்டால் மன்னார்ப் பகுதி வவுனியா ரெப்பிடம் போய்விடும். அன்று சோதனை நாள். முப்பது வருடம் தோற்பையோடு மருந்து விற்று மூன்று மாகாணங்களைக் குணமாக்கிய நான், ஆலோசகராகக் கூடப் போனேன்.

மன்னார் டவுனிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். காலை ஏழரை பஸ், ஆளுக்கு அறுபது ரூபா. வழியில் கழுதைகள் வரிசையாக நின்றன. எனக்கான அணிவகுப்பு மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் காலத்தில் கடைசி நோயாளி போகும்வரை காத்திருந்து, டாக்டரிடம் ஒரு காலண்டரை நீட்டிய பிறகே மருந்தின் புகழைப் பாடுவோம். அதனால் பைக்குள் ஒரு காலண்டர் கொண்டுபோயிருந்தேன்.

"பிள்ளை, முதல்ல இதைக் குடு."

"மாமா, டாக்டரின்ர சுவர் முழுக்கக் காலண்டர்தான். மருந்துதான் இல்லை."

தலைமன்னார் டாக்டரின் அறைக்குள் என்னோடு போனவள் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை புகழவில்லை. டெப்பைத் திறந்து, எந்த மருந்துக்கடையில் எந்தக் குளிசை, எந்த மாத்திரை இன்று இருக்கிறது என்று காட்டினாள். கடைக்காரர்களைக் காலையில் வைபரில் கேட்டுப் போட்டிருந்தாளாம்.

டாக்டர் கதிரையை முன்னால் இழுத்தார். "இதைத்தான் தேடினனான் பிள்ளை. சண்டை முடிஞ்சு திரும்பி வந்து குடியேறின சனம் ஒரு குளிசைக்காக ஊர் ஊரா அலையுதுகள்."

வெளியே வந்ததும் கொழும்பிலிருந்து மனேஜரின் அழைப்பு. ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஜெனிற்றா, லீவு போடாம ஏன் இந்தியாவுக்குப் போனீங்க? ஸ்கிரீன்ல இந்தியான்னு காட்டுது. நாளைக்கே வவுனியா ஆளை அனுப்புறேன்."

கடலுக்கு அப்பால் இந்தியக் கரையிலிருந்த தொலைபேசிக் கோபுரம் டெப்பைத் தன் இணைப்பில் பிடித்துவிட்டது! அவள் முகம் வாடிப்போயிற்று.

"குடு போனை. நீ நீந்திப் போகேல்லை எண்டு நான் சாட்சி சொல்லுறன்."

"ஐயோ மாமா, கொஞ்சம் சும்மா இருங்கோ!"

டெப்பில் நம் நாட்டு இணைப்பைக் கையால் தெரிவு செய்துகொண்டு அவள் திரும்ப உள்ளே போனாள், பின்னாலேயே நானும். டாக்டர் முன்னிலையில் மீண்டும் பதிவு செய்தாள். டாக்டரே போனை வாங்கினார்.

"மனேஜர், நான் தலைமன்னார் டாக்டர் கதைக்கிறன். ஓம், இலங்கைதான். உங்கட வவுனியாக்காரருக்கு இஞ்ச எந்தக் கடையில குளிசை கிடக்கெண்டு தெரியுமோ?"

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம். பிறகு, "பதிவு வந்திருச்சு டாக்டர். மன்னார் ஜெனிற்றாகிட்டயே இருக்கட்டும். மற்ற ரெப்மாருக்கும் அவங்க இதைச் சொல்லிக் குடுக்கணும்."

என் நெஞ்சு விரிந்ததில் சட்டையில் இரண்டு பொத்தான் பறந்து ராமேஸ்வரத்தில் விழுந்திருக்கும்.

போகிறவர்களுக்கு: தொப்பி, தண்ணீர் அவசியம். படகு இறங்குதுறைப் பக்கம் போனில் இணைப்பை நீங்களே தெரிவு செய்யுங்கள். இல்லையென்றால் அறுபது ரூபாயில் வெளிநாட்டுப் பயணம். காலண்டர் கொண்டுபோக வேண்டாம். என்னுடையதைத் திரும்பும் வழியில் ஒரு கழுதை தை முதல் மார்கழி வரை ஆறுதலாகத் தின்று முடித்தது. முப்பது வருடத்தில் அவ்வளவு ஆர்வத்தோடு அதை வாங்கிய டாக்டர் ஒருவரும் இல்லை.