குனிவதற்கு முன்னால்

என் வீட்டுக்காரருக்குச் செருப்புக் கடையில் வேலை. வருகிறவர்களின் கால்தான் அவருக்கு ஞாபகம் இருக்கும், முகம் இருக்காது. வாடிக்கையாளராகப் போன என்னிடமே, "இடது கால் கொஞ்சம் பெருசு, அரை சைஸ் கூட்டி எடுங்க" என்று ஆரம்பித்தவர். அந்த ஆளைத்தான் கட்டிக்கொண்டேன்.

மூன்று வருஷமாக அவருக்கு முதுகுவலி. ஸ்கேனில் எல்லாம் சரியாகிவிட்டது என்றார்கள், வலிதான் போகவில்லை. குனியப் போகிறோம் என்றாலே நெற்றி வியர்க்கும், பேச்சு பாதியில் நிற்கும். முதலாளி அதைக் கவனித்துவிட்டு, "அடுத்த மாசத்துலேருந்து பில் போடுற சீட்ல உக்காந்துடுங்க" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். இவருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

"காலத் தொடாம எப்படி செருப்பு விக்கிறது?" என்று என்னையே கேட்டார்.

நான் மட்டும் சும்மா இருந்தேனா? வீட்டில் ஒரு பொத்தான் விழுந்தாலும் "குனியாதீங்க!" என்று பாய்ந்து எடுப்பேன். கத்திக் கத்தித் தொண்டை தேய்ந்ததுதான் மிச்சம்.

பிசியோதெரபி பார்க்கும் பெண், நாடித்துடிப்பு காட்டும் கருவியை அவர் விரலில் மாட்டினாள். எழுபத்தாறு. தரையில் ஒரு பேனாவை வைத்து, எடுக்கச் சொன்னாள்.

"பாத்து!" என்றேன் நான்.

நூற்றுப் பதினொன்று.

"இன்னும் குனியவே இல்லையே சார்" என்றாள் அவள். "ரொம்ப நாள் வலிச்ச உடம்பு, அசையறதுக்கு முன்னாடியே பயந்துடும். இதயம் ஓடும், மூச்சு நிக்கும், முதுகு இறுகிடும். இறுகினா வலி இன்னும் கூடும்."

இவர் காதில் வாங்கினால்தானே? பார்வை அவள் ஷூவிலேயே இருந்தது.

"சுண்டுவிரல் நசுங்குதே, வலிக்கலையாம்மா?" என்றபடி மண்டியிட்டு, குனிந்து, ஷூ முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். கருவியில் எண்பத்து நான்கு.

"இப்ப வலிச்சுதா சார்?"

எழுந்து நின்று யோசித்தார். "வலிக்கத்தான் செய்யுது. ஆனா பதறல."

அவள் கருவியைக் கழற்றி என் விரலில் மாட்டினாள். அவரை மறுபடி குனியச் சொன்னாள். எனக்கு நூற்று இருபத்திரண்டு! இருவரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என் புருஷன். நான் பதறக்கூடாதா?"

"நல்லா பதறுங்கக்கா. சத்தமில்லாம பதறுங்க."

முதலாளியிடம் பேசி ஒரு மாதம் தவணை வாங்கினார். குட்டை முக்காலி போட்டு, நடுநடுவே எழுந்து நடந்து, மூச்சு விட்டுக் குனியப் பழகினார். பில் சீட்டுக்கு வேறு ஆள் வந்துவிட்டார். வலி இன்னும் இருக்கிறது. இவரும் கடைக்கு வருகிறவர்களின் கால்களோடுதான் இருக்கிறார்.

நேற்று சாப்பிடும்போது கரண்டி கீழே விழுந்தது. இருவரும் அதையே பார்த்தோம். என் வாய் தானாகத் திறந்தது. கையால் பொத்திக்கொண்டேன். நெஞ்சு அடித்த அடி எனக்குத்தான் தெரியும். அவர் மெதுவாகக் குனிந்து எடுத்து, மேஜையில் வைத்தார்.

"என்ன, சத்தத்தையே காணோம்?"

"தொண்டை கட்டிக்கிச்சு" என்றேன்.