கதிர்வீச்சுப் பெட்டி போட்ட கூச்சல்

அந்த மஞ்சள் பெட்டியை வேறு யாராவது கையில் எடுத்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். ஒரு செங்கல் அளவுதான் இருக்கும். மேலே கைப்பிடி, பின்பக்கம் சின்னத் திரை. கதிர்வீச்சு உள்ள பொருள் ஏதாவது பக்கத்தில் வந்தால் சத்தம் போடும். கிட்டப் போகப் போகத் திரையில் எண் ஏறும், ஒன்பது வரைக்கும். அதோடு விடாது. ஒரு நிமிடம் பொறுமையாகப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றால் அந்தப் பொருளின் பெயரையும் இனத்தையும் எழுதிக் காட்டும்: மருத்துவம், தொழிற்சாலை, இயற்கை, அப்புறம் யாருமே பார்க்க விரும்பாத நாலாவது இனம், அணுகுண்டுச் சரக்கு. எங்கள் பாதுகாப்புப் பிரிவுக்கு வந்தது ஒரே ஒரு பெட்டி. அதற்கான பயிற்சிக்காக மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போன ஒரே பெண் நான்.

பயிற்சி ஆங்கிலத்தில் நடந்தது. ஒருவர் அதைச் சிங்களத்தில் சொல்ல, பக்கத்தில் இருந்தவர் அதை எனக்குத் தமிழில் சொன்னார். மூன்று கை மாறி வந்த படிப்பு. ஆனாலும் சோதனையில் நன்றாகவே செய்தேன். ஊருக்குத் திரும்பியபோது என் நடையே மாறிவிட்டது என்று என் கணவர் சொன்னார். ஆளைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துத்தான் கதைக்கிறாய் என்றார்.

முதல் ஏழெட்டு மாதமும் அது பிடித்ததெல்லாம் "இயற்கை"தான். படுவான்கரையிலிருந்து வந்த ஒரு விவசாயியின் மோட்டார் சைக்கிளில் இரண்டு மூட்டை பொட்டாஷ் பசளை இருந்தது. பொட்டாஷில் இயல்பாகவே கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு. பெட்டி கத்தியதும் மனுசன் கையெடுத்துக் கும்பிட்டார். "ரெண்டும் வட்டைக்குப் போற பசளை புள்ள. நெல்லு விளையிறதுக்குப் போடுறது, வெடிக்கிறதுக்கில்ல" என்றார். இன்னொரு முறை கல்குடாவில், கறுப்பு மணல் படிந்த இடத்தில் எண் ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஏறியது. அதற்கே நான் ஒரு பக்கம் அறிக்கை எழுதினேன். அலுவலகத்தில் என்னைக் கண்டால் வாழைப்பழத்தை நீட்டி "இதையும் ஒருக்காப் பாருங்க" என்று கேலி செய்வார்கள். வாழைப்பழத்திலும் பொட்டாசியம் இருக்கிறது என்று நான் விளக்கம் சொல்லத் தொடங்கினால் எல்லோரும் எழும்பிப் போய்விடுவார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் முதல் பிள்ளை என் வயிற்றில் வந்து ஐந்து மாதமானது. சீருடைச் சட்டைக்கு மேலேயே வயிறு தெரிந்தது. எங்கள் பொறுப்பதிகாரி சிங்களவர், மூன்று பெண்பிள்ளைகளைப் பெற்றவர். என்னை மேசை வேலைக்கு மாற்றப் பார்த்தார். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது. "சேர், இது ஒண்டையும் கக்காது. காது குடுத்துக் கேக்கும், அவ்வளவுதான்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். மனைவியிடமும் அப்படித்தான் தோற்றுப் பழகியிருப்பார் என்று நினைக்கிறேன்.

அந்த மாதம் புளியந்தீவில், வாவிக் கரையில், பெண்களுக்கான பயிற்சி நிலையம் ஒன்றைத் திறந்து வைக்க வெளிநாட்டுத் தூதுவர் ஒருவர் வருவதாக இருந்தது. வரவேற்புக்குக் குரவை போட என்று நாற்பது பெண்களை ஊர் ஊராகக் கூட்டி வந்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் நல்ல காரியம் எதுவென்றாலும் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை போட வேண்டும். அதில் தமிழர், முஸ்லிம்கள் என்ற வித்தியாசம் இல்லை. விழாவுக்குப் பொறுப்பான அம்மாவின் கையில் ஒரு ஒலிபெருக்கி. அதில் பொத்தானை அமுக்கினால் சைரன் அடிக்கும். "இந்தச் சத்தம் கேட்டா தூதுவர் வந்துட்டார் எண்டு அர்த்தம். உடனே குரவையப் போடணும், ஒருத்தரும் வாயப் பொத்திக்கொண்டு நிக்கப்படா" என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு முறை அடித்தும் காட்டினார். மேளகாரர்களுக்கும் பாடசாலை வாத்தியக் குழுவுக்கும் அதே கட்டளைதான்.

பெண்களின் வரிசை என் பொறுப்பு. முந்தின நாள் மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் வேலை செய்யும் சிநேகிதிகளுக்குப் பெட்டியைக் காட்டிப் பெருமையடித்தபோது சத்தத்தை உச்சத்தில் வைத்திருந்தேன். அதைத் திரும்பக் குறைக்கவில்லை. பிழை முழுக்க என்னுடையதுதான். இதை அறிக்கையில் எழுதவில்லை, இங்கே எழுதுகிறேன்.

வரிசையின் கடைசியில் ஏறாவூர்ப் பக்கத்து முஸ்லிம் பெண்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவர்களில் ஒருவருக்கு ஐம்பது வயது இருக்கும். முக்காட்டைக் கழுத்தோடு இறுக்கி ஊசி குத்தியிருந்தார். அவர் கதையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு அவர் வாயால்தான் எனக்குத் தெரிய வந்தது. அவருக்குத் தொண்டையில், தைரோயிட் சுரப்பியில், புற்றுநோய். கொழும்பில் ஒபரேசன் செய்து, பதினொரு நாளைக்கு முன்னர்தான் கதிர்வீச்சு உள்ள அயடின் மருந்தைக் குடித்திருந்தார். ஊரில் யாருக்கும் தெரியாது. தங்கச்சி வீட்டுக்குப் போய் வந்ததாகச் சொல்லியிருந்தார். மகளுக்கு வருகிற வெள்ளிக்கிழமை கலியாணம். தாய்க்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிடுவார்கள் என்ற பயம். அது காரணமில்லாத பயமும் இல்லை. அப்படிக் கலைந்த சம்பந்தங்கள் எனக்கே இரண்டு தெரியும். போதாக்குறைக்கு, வரிசையில் அவருக்கு அடுத்ததாக வெற்றிலை மென்றுகொண்டு நின்ற பெரிய உடம்புக்காரிதான் மாப்பிள்ளையின் தாய். குரவை போட வரமாட்டேன் என்றால் ஏன் என்று அவர் கேட்பார். அதனால்தான் இந்த அம்மா வந்திருந்தார்.

எனக்கு அப்போது இதெல்லாம் என்ன தெரியும்? வரிசையைச் சோதித்துக்கொண்டே நகர்ந்தேன். இன்னும் ஐந்தாறு பேர் இருக்கும்போதே திரையில் எண் துள்ளியது. மூன்று. நாலு. அந்த அம்மா என்னைப் பார்த்தார். என் முகத்தையல்ல, வயிற்றை. பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனார்.

நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். அவர் இரண்டு அடி பின்னால் போனார். பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடமே அதுதான்: பெட்டியைக் கண்டு விலகுகிறவரைக் கவனி. எனக்குச் சந்தேகம் கூடியது. "அம்மா, நில்லுங்க!" என்று சத்தம் போட்டுக்கொண்டு வேகமாக எட்டு வைத்தேன். எண் ஏழுக்கு ஏறியது. அதுவரை விட்டு விட்டுக் கீச்சிட்ட பெட்டி அலறத் தொடங்கியது.

அலறல் என்றால் அப்படியொரு அலறல். நாற்பது பெண்களும் தூதுவர் வந்துவிட்டார் என்று நினைத்துக் குரவை போட்டார்கள். ஒருவர் கூட வாயைப் பொத்திக்கொண்டு நிற்கவில்லை. மேளம் முழங்கியது. வாத்தியக் குழு வரவேற்புக் கீதத்தைப் பிடித்தது. யாரோ பூவை அள்ளி எறிய, அது என் தொப்பியில் விழுந்தது. வோக்கி டோக்கியில் பொறுப்பதிகாரி "என்ன அங்க? என்ன அங்க? ஆள் இன்னும் கல்லடிப் பாலத்தில!" என்று கத்துகிறார். விழா அம்மா இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு, "நிப்பாட்டுங்க! நான் அடிக்கல்ல! நான் அடிக்கல்ல!" என்று வரிசை நீளத்துக்கு ஓடுகிறார். நான் ஒருபக்கம் பெட்டியின் சத்தத்தைக் குறைக்கும் பொத்தானைத் தேடுகிறேன். ஐந்து நாள் படித்த படிப்பில் அந்தப் பொத்தான் மட்டும் கைக்கு வரவில்லை.

அந்த அம்மா மதிலில் முதுகு முட்டும்வரை பின்னால் போய்விட்டார். இனிப் போக இடமில்லை. நான் பெட்டியை நீட்டிக்கொண்டு அவரை நெருங்கினேன். அவர் இரண்டு உள்ளங்கையையும் எனக்கு நேரே விரித்தார்.

"கிட்ட வராதீங்க மகள்!" என்று கத்தினார். "நீங்க புள்ளத்தாச்சி! நான் கென்சருக்கு மருந்து குடிச்சிரிக்கன். வயித்துப் புள்ளைக்குக் கூடாது!"

குரவைச் சத்தத்துக்கு மேலே கேட்கட்டும் என்று அவர் பலம் கொண்ட மட்டும் கத்தினார். ஆனால் அந்த நொடியில்தான் விழா அம்மா எல்லோரையும் அடக்கி முடித்திருந்தார். மேளமும் நின்றிருந்தது. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் முற்றம் முழுக்கக் கேட்டது.

கையை நீட்டி ஒரு நிமிடம் நின்றால் என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அது எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன். அவருக்குத் தெரியாது. புள்ளத்தாச்சிமாருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கிட்ட மூன்று கிழமைக்குப் போகக்கூடாது என்று டொக்டர் சொன்னதுதான் அவருக்குத் தெரியும். பேசாமல் நின்றிருந்தால் பெட்டி தன்பாட்டில் "மருத்துவம்" என்று காட்டியிருக்கும். நான் அவரை உள்ளே விட்டிருப்பேன். ஈ காக்கைக்குத் தெரிந்திருக்காது. முன்பின் தெரியாத என் பிள்ளைக்காக இந்த மனுசி தன் நோயை ஊரறியக் கத்திச் சொல்லிவிட்டாளே என்று எனக்குக் கண் கலங்கியது. என்மேலேயே ஆத்திரமும் வந்தது. பெட்டி அப்போதும் கத்திக்கொண்டிருந்தது. ஒருவழியாகப் பொத்தான் கைக்குத் தட்டுப்பட, அதன் வாயை அடைத்தேன்.

மாப்பிள்ளையின் தாய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றார்.

"மதினி, என்னகா இது? எப்ப?"

"ஒபரேசன் ரெண்டு மாசம். மருந்து குடிச்சு பதினொரு நாள்."

"தங்கச்சிட ஊட்ட போறன் எண்டீங்க?"

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். முக்காட்டு ஊசி கழன்று, கழுத்தில் குறுக்கே ஓடிய தழும்பு தெரிந்தது.

"அது தொத்துற வருத்தமில்ல" என்று நான் குறுக்கே பாய்ந்தேன். "மருந்துதான் கொஞ்ச நாளைக்கு உடம்பில இருக்கும். அதுவும் தானாப் போயிடும். இதுக்குப் போய்…"

"நீங்க கொஞ்சம் பொறுங்க தங்கச்சி. உங்கட மெஷின் சொல்ற மட்டும் சொல்லிட்டுது" என்று மாப்பிள்ளையின் தாய் என்னை அடக்கினார். என்னை அப்படி அடக்கியவர்கள் அதிகம் பேர் இல்லை. பிறகு சம்பந்தியைப் பார்த்தார். "வெள்ளிக்கிழம கலியாணம். ஊடு நிறைய புள்ளைகள் ஓடித் திரியும். என்ட மூத்த மருமகள் வேற புள்ளத்தாச்சி. நீங்க அண்டைக்கு என்ன செய்ய இருந்தீங்க?"

"தடிமன் எண்டு சொல்லிட்டு… கொல்லைப் பக்கம் தள்ளி நிக்கலாம் எண்டு நினைச்சன்."

"நல்ல யோசின" என்றார் அவர். "அப்ப வெள்ளிக்கிழம கலியாணம் நடக்காது. தள்ளி வைப்பம்."

எங்கள் ஊர்ப் பக்கத்தில் கலியாணத்தைத் தள்ளி வைப்பம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். முகத்துக்கு நேரே முறித்துக்கொள்ள மனமில்லாதவர்கள் சொல்வது அது. அந்த அம்மா மதிலைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பெரிய உடம்புக்காரியை என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

"இன்னும் எத்தின நாள் நீங்க புள்ளைகளுக்குக் கிட்டப் போக ஏலா?" என்று அவர் கேட்டார்.

"பத்து நாள்."

"அப்ப அடுத்த பிறைக்கு வைப்பம். பொண்ணுட உம்மா கொல்லையில தள்ளி நிண்டு பாக்கிற கலியாணம் என்ட மகனுக்கு வேணாம்."

அந்த அம்மாவின் வாயிலிருந்து "யா ரப்பே" என்று மட்டும்தான் வந்தது. மாப்பிள்ளையின் தாய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவரிடம் போனார். அவரும் முன்னால் வந்தார். வந்தவர் பாதியில் நின்று, சம்பந்தியின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்து, "மகள், நீங்க இன்னும் அங்கதான் நிக்கிறீங்க. தள்ளிப் போங்க" என்றார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். போதாது என்று கையைக் காட்டினார். இன்னும் நடந்தேன். நான் வாசல் வரைக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவர்கள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள்.