ஊமைக்கோட்டானுக்குக் காகிதம் இல்லை

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வேலையிடத்தில் அவருக்குப் பம்பரம் என்று பெயர். எத்தனையோ உயரக் கட்டடங்களின் லிஃப்ட் குழிக்குள் ஏறி இறங்கியும் கீறல்கூடப் படாமல் வீடு திரும்பியவர், சமையலறை பல்பை மாற்ற ஸ்டூலில் ஏறி, விழுந்து, காலை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், "அசையாம உக்காந்திருக்கணும்" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். வீட்டில் வைத்துக்கொண்டு மாரடிப்பது நான்தானே.

காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு முதலில் கடிகாரத்தைப் பிரித்தார். பிறகு மிக்ஸியை. மிக்ஸியைத் திரும்பப் பூட்டியபோது ஒரு திருகு மிச்சமிருந்தது. "அது தேவையில்லாத திருகு" என்றார். அடுத்து அவர் கண் என் பிரிண்டர் மேல் விழுந்தது.

நான் வீட்டிலிருந்தே ஆவணங்களை மொழிபெயர்த்துக் கொடுப்பவள். பிரிண்டர் பழசு, ஆனால் உழைப்பாளி. வைஃபை என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய் வயரைச் செருக வேண்டும்.

"பரண்ல கிடக்குற கம்ப்யூட்டர்ல லினக்ஸ் போட்டு சர்வர் ஆக்கிடுறேன். பிரிண்டர் வயர் அதுல இருக்கட்டும். நீ அடுப்படியில இருந்தே அனுப்பலாம்."

"நான் கேட்டேனா?"

"கேக்காமலே செய்றேன் பாரு."

எதையோ மறக்கத்தான் மனுஷன் இப்படி வேலை தேடி அலைகிறார் என்று எனக்குத் தெரியும். மாடியில் என் கொழுந்தன் குடும்பம் இருக்கிறது. அவனுக்கு மருந்துக்கடையில் வேலை. அண்ணன் பேசியே கொல்வார், தம்பி பேசாமல் கொல்வான். கீழ்வீடு மூத்தவனுக்கு, மாடி இளையவனுக்கு என்று எழுதிவைத்த என் மாமனார், தண்ணீர் மோட்டார் யாருக்கென்று எழுதவில்லை. அந்த மோட்டார் கருகியது. அணைக்க மறந்தது யார் என்ற பேச்சு தடித்தது. "பிடிக்கலைன்னா கிளம்பிப் போ" என்று இவர் சொல்லிவிட்டார். தம்பி ஒரு வார்த்தை பேசாமல் படியேறினான். அதோடு சரி. அண்ணனுக்குக் கால் முறிந்தபோதுகூட அவன் மனைவிதான் வந்து பார்த்தாள். வைஃபை மட்டும் இன்றும் இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். அதைப் பிரிப்பதென்றாலும் பேச வேண்டுமே.

சர்வர் ஓடியது. பிரிண்டர் ஓடவில்லை. கடைசியில் ஓடியபோது, பொருந்தாத டிரைவர் மென்பொருளைப் போட்டிருந்ததால், பக்கத்துக்கு ஒரு வரி வீதம் கோழி கிளறிய மாதிரி எழுத்துகளைக் கக்கித் தள்ளியது. பிளக்கைப் பிடுங்கினார். திரும்பச் செருகியதும் விட்ட இடத்திலிருந்து கக்கியது. நிறுத்தும் வழி தெரியாமல் காகிதத் தட்டை உருவி மடியில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் அடங்கியது. பிறகு பிரிண்டரையே சர்வரிலிருந்து நீக்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவதில்லை. தூங்கும்போதுகூட நல்ல கால் ஆடிக்கொண்டேயிருந்தது.

சரியான டிரைவர் கிடைத்ததும், பிரிண்டருக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று சர்வர் கேட்டது. ஊமைக்கோட்டான் என்று தட்டினார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சின்ன வயதில் தம்பியை அவர் அப்படித்தான் கூப்பிடுவாராம்.

"ஏங்க, வேற பேரே கிடைக்கலையா?"

"எத்தனை தடவ கூப்பிட்டாலும் பதில் சொல்ல மாட்டேங்குதே."

அவர் பிரிண்டரைத்தான் சொன்னார் என்று நான் நம்பவில்லை. இந்த வைஃபையில் இருக்கும் எல்லோருக்கும் இதைக் காட்டலாமா என்று அடுத்த கேள்வி வந்தது. யோசிக்காமல் ஆமாம் என்றார்.

மறுநாள் சாயங்காலம் அடுப்படியிலிருந்தே ஒரு பக்கம் அனுப்பினேன். முன்னறையில் அழகாக வந்து விழுந்தது. கொஞ்ச நேரத்தில் பிரிண்டர் தானாகவே இன்னொரு பக்கத்தைத் தள்ளியது. எடுத்துப் பார்த்தவர் முகம் வெளுத்தது. நானும் வாங்கிப் பார்த்தேன். 'மாடி வீடு வாடகைக்கு' என்று பெரிய எழுத்தில் இருந்தது. கீழே கொழுந்தனின் போன் நம்பர்.

"கிளம்புறான்" என்றார்.

"நீங்கதானே போகச் சொன்னீங்க?"

கோபத்தில் சொன்னதுதான், ஆனாலும் சொல்லிவிட்டார். "தவறி இங்க வந்திருக்கும்" என்று முணுமுணுத்தார். தவறி எப்படி வரும்? போனில் அந்தப் பெயரைப் பார்த்ததுமே யார் வீட்டுப் பிரிண்டர் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தேதான் அனுப்பியிருக்கிறான். வாயால் சொல்ல முடியாததைத் தாளில் சொல்லியிருக்கிறான்.

மாடியேற இவர் காலால் முடியாது. போன் செய்ய ரோஷம் விடாது. சட்டென்று காகிதத் தட்டை உருவி மடியில் வைத்துக்கொண்டார். சற்று நேரத்தில் பிரிண்டரில் சிவப்பு விளக்கு மினுக்கியது. மேலேயிருந்து மறுபடி அனுப்பியிருக்கிறான். இவர் கால் ஆடவில்லை, கை எதையும் நோண்டவில்லை. கல்யாணமான நாளாய் இந்த மனுஷன் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கொழுந்தன் கையில் கொஞ்சம் வெள்ளைத் தாளோடு வாசலில் நின்றான்.

"அண்ணி, பேப்பர் இல்லன்னு போன்ல வருது." பிரிண்டரைப் பார்த்தான். "இதுக்கு ஏன் என் பேரு?"

அவர்தான் சொன்னார்.

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடா. போகாத."

கொழுந்தன் உள்ளே வந்து, தாளை வைக்கத் தட்டை வாங்கக் கை நீட்டினான். இவர் தட்டை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார்.

"வேணாம். பேப்பர் வச்சா உன் நோட்டீஸ் வந்துரும்."

"அப்ப அதை நிறுத்து."

"நிறுத்தத்தான் எனக்குத் தெரியலயே."

கொழுந்தன் தாளை மேசையில் போட்டுவிட்டு நாற்காலியை இழுத்தான்.

"காலை அந்தப் பக்கம் வை. எப்படி நிறுத்துறதுன்னு ரெண்டு பேரும் பாப்போம்."

எனக்கு அவசரமாக அச்சடிக்க வேண்டிய பக்கங்கள் இருந்தன. ஆனாலும் தட்டை நான் கேட்கவில்லை.