டாக்டரம்மாவும் நான்கு பிளக்குகளும்

என் அக்காவுக்கு ஓட்டுநர்கள் வைத்த பெயர் டாக்டரம்மா. வண்டி உதிரிபாகக் கடை ஒன்றில் பத்தொன்பது வருடமாக கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கிறாள். ஸ்பார்க் பிளக் கேட்டு யார் போனாலும் முதலில் கையை நீட்டுவாள், காசுக்கு இல்லை. "பழசைக் காட்டுங்க, புதுசைத் தரேன்."

பழைய பிளக்கை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வாசல் வெளிச்சத்தில் முனையைப் பார்ப்பாள். கரி படிந்திருந்தால் எஞ்சின் பெட்ரோலை அளவுக்கு மீறிக் குடிக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் உள்ளே எங்கோ தேய்ந்திருக்கிறது. வெளுத்துக் கிடந்தால் சூடு தாங்கவில்லை. பிஸ்கெட் நிறத்தில் இருந்தால் எஞ்சின் நலம், திருகு மரையின் நீளத்தை அளந்துவிட்டு அலமாரிப் பக்கம் திரும்புவாள்.

"எல்லா பிளக்கும் ஒண்ணுதானேம்மா, நெருப்பு வந்தா போதாதா?" என்று டாக்சிக்காரர் ஒருவர் ஒருமுறை சலித்துக்கொண்டார்.

"எல்லாச் செருப்பும் செருப்புதான். என்னோடதைப் போட்டுக்கிட்டு நடங்க, பார்ப்போம்" என்றாள் அக்கா. அவர் போய்ப் பழசைக் கழற்றிக் கொண்டுவந்தார்.

எனக்கு இந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. நான் மெக்கானிக். பதினைந்து வருடம் அடுத்தவர் ஷெட்டில் கைகட்டி நின்றுவிட்டு, இது நடந்தபோது சொந்த ஷெட் திறந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். என்னைப் பார்த்த பிறகுதான் அதைச் சொல்லியிருப்பார்களோ என்று எனக்கே சந்தேகம் உண்டு.

ஒரு நாள் பள்ளி வேன் ஒன்று பிளக் மாற்ற வந்தது. பிள்ளைகளைக் கூட்டிவரப் போகணும், சீக்கிரம் என்று வேன்காரர் பக்கத்திலேயே நின்று கையைப் பிசைந்தார். எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது, ஆறுவதற்குள் பிளக்கைக் கழற்றக் கூடாது. சரி, அதற்குள் புதுசை வரவழைக்கலாம் என்று அக்காவுக்குப் போன் போட்டு, வண்டியின் பெயரையும் வருடத்தையும் சொன்னேன்.

"பழசைக் கழற்றிக் கொடுத்தனுப்புடா."

"வருஷம்தான் சொல்றேன்ல. எனக்குத் தெரியாதா? வேலைக்காரனுக்கு வேலை சொல்லித் தராதே."

"சரி, நீ சொன்னா சரி" என்றாள் அக்கா. நான்கு பிளக் வந்து சேர்ந்தது.

அந்த வேனுக்குள் இருந்தது அந்த வருடத்து எஞ்சின் இல்லை. எப்போதோ யாரோ வேறொரு பழைய எஞ்சினை மாற்றி வைத்திருக்கிறார்கள். அதற்குக் குட்டை மரை பிளக், வந்ததோ நீள மரை. பழசையும் புதுசையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். நான் கழற்றிய வேகத்தில் பழசைத் தகர டப்பாவுக்குள் வீசினேன். புதுசு கையால் சுற்றும்போதே வழுக்கிக்கொண்டு இறங்கியது, பொருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். சாவியைத் திருப்பியதும், உள்ளே நீட்டிக்கொண்டிருந்த பிளக் முனையில் பிஸ்டன் மோதி டக் டக்கென்று அடி. அணைத்துவிட்டுக் கழற்றினால் நான்கு பிளக்கின் முனையும் நசுங்கியிருந்தது. பிஸ்டன்களில் ஒன்று விரிசலே விட்டிருந்தது.

"எந்தக் கடையில தப்பாக் கொடுத்தாங்க?" என்று வேன்காரர் கேட்டார். நான் கடையின் பெயரை மட்டும் சொன்னேன். என் பங்கை மறைத்துவிட்டேன். புதிதாகத் திறந்த ஷெட், ஊர் வாய் என்ன சும்மா இருக்குமா என்ற பயம். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

அவர் நேரே கடைக்குப் போய்ச் சத்தம் போட்டிருக்கிறார். முதலாளி அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார். "ஆமா, பழசைப் பார்க்காம நான்தான் எடுத்துக் கொடுத்தேன்" என்றாளாம். என் பெயரை எடுக்கவே இல்லை. பார்த்துக் கொடுக்கத்தானே உன்னை வைத்திருக்கிறேன், இந்த வாரத்தோடு நின்றுகொள் என்றுவிட்டார் முதலாளி. அக்காவின் சம்பளத்தில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிகிறது. மாமாவுக்கு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்து ஒரு வருடமாகப் படுக்கை.

இத்தனையும் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். வீட்டில் என் மனைவி மேல் எரிந்து விழுந்தேன். அவள் பாவம், அவளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

வெள்ளிக்கிழமை பிரேக் ஷூ வாங்குகிற சாக்கில் கடைக்குப் போனேன். புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு அக்கா அலமாரியைக் காட்டிக்கொண்டிருந்தாள். "இந்த ரெண்டு பெட்டியும் ஒரே நிறம், ஏமாந்துடாதீங்க. இது குட்டை, இது நீளம்" என்று தன் இடத்தில் நிற்கப்போகிறவருக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். நேரே முதலாளியிடம் போனேன்.

"முதலாளி, அக்கா பழசைக் கேட்டாங்க. நான்தான் அனுப்பல. மாட்டும்போதும் பார்க்கல. தப்பு முழுக்க என்னோடது."

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேன்காரருக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார். அவரிடமும் சொன்னேன். "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நீயே சரி பண்ணுன்னு விட்டிருப்பேன். இப்ப வண்டியை வேற ஷெட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்று வைத்துவிட்டார். முதலாளி, "நீங்க கவுன்ட்டருக்குப் போங்கம்மா" என்று அக்காவிடம் சொன்னார். புதியவரைக் கிடங்குக்கு அனுப்பினார்.

நான் வெளியே வந்தேன். பின்னாலேயே அக்காவும் வந்தாள். கண் கலங்கியிருந்தது. சந்தோஷம் என்றுதான் நினைத்தேன்.

"என்னை ஏன்க்கா காப்பாத்தினே? அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"நீயே வந்து சொல்லிடுவேன்னு நினைச்சேன்டா. அன்னிக்குச் சாயங்காலமே வருவேன்னு நினைச்சேன்."