துட்டி சொல்ல ஆள் வரவில்லை

கைபேசி மனிதர்களின் வாழ்க்கையை என்ன செய்திருக்கிறது என்று ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறார்கள். அதில் எனக்குக் கேள்வி கேட்கும் வேலை. மும்பையின் தமிழ் வீடுகளுக்குப் போய், அவர்கள் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்ததைத் தமிழில் கேட்டு, பதிலை டேப்லெட்டில் தட்டிக்கொண்டு வர வேண்டும். "கைபேசி வந்த பிறகு உறவினர்களோடு உங்கள் நெருக்கம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா, மாற்றமில்லையா?" மாட்டுங்காவில் இதற்கு யோசித்துப் பதில் சொல்வார்கள். தாராவியில், "நீங்களே ஏதாவது ஒண்ணைப் போட்டுக்கோங்க, எனக்கு அடுப்புல வேலை கெடக்கு" என்பார்கள். முக்கால்வாசிப் பேருக்கு நெருக்கம் கூடித்தான் இருக்கிறது. நானும் அப்படியே தட்டிக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கு நெருளில் வேலை. பேட்டி நடக்கும்போது எங்கள் கைபேசி சத்தமில்லாமல் பைக்குள் கிடக்க வேண்டும் என்பது விதி. கடைசி வீட்டை முடித்து ஸ்டேஷனுக்கு நடக்கும்போதுதான் எடுத்துப் பார்த்தேன். சொந்தக்காரர்கள் குரூப்பில் என் தாய்மாமாவின் படம். விடியற்காலையில் மாரடைப்பு. அன்று பிற்பகலே அடக்கம். கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள், அழுகிற மஞ்சள் முகங்கள். ஒருத்தர் தப்பாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார். அதை எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

மாமா தாராவியில் இருந்தார். அம்மாவுக்கு உடன்பிறப்பு அவர் ஒருவர்தான். எங்கள் ஆட்களில் யார் தவறினாலும் துட்டி சொல்லப் போகிறவர் அவர்தான். சுனாபட்டி, செம்பூர், தாணே என்று ரயிலில் தொங்கிக்கொண்டு போவார். வாசலில் நின்றபடி இன்னார் தவறிவிட்டார், இத்தனை மணிக்கு எடுக்கிறோம் என்பார். உட்கார மாட்டார், தண்ணீர் குடிக்க மாட்டார், போயிட்டு வாரேன் என்றும் சொல்ல மாட்டார். அடுத்த வீட்டுக்கு நடந்துவிடுவார். ஃபோன் வந்த பிறகும் அவர் அதை விடவில்லை. "செத்ததை ஃபோன்ல சொல்லுததுக்கு அது என்ன கேஸ் சிலிண்டர் வந்த சேதியா?" என்பார்.

செம்பூர் வீட்டில் இருந்த அம்மாவுக்கு அடித்தேன். பட்டன் ஃபோன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ஆரு, அண்ணன் வீட்லருந்தா?"

"நான்தாம்மா. உனக்குத் தெரியுமா?"

"கீழ் வீட்டுக்காரி காலையிலயே கேட்டா, ஒங்கண்ணாச்சி தவறிட்டாவளாமே, நீங்க இன்னும் கெளம்பலையான்னு. சீலை மாத்தி உக்காந்திருக்கேன். அங்கேருந்து இன்னும் ஆள் வரலை."

"ஆளெல்லாம் வராதும்மா. நான் சொல்லுதேன்லா, ஆட்டோ புடிச்சுப் போ."

"நீ அந்த வீட்டு ஆளாட்டி? கூடப்பொறந்தவ மொகம் பாக்காம பெட்டிய மூட மாட்டாவ. வருவாவ."

சாவுக்குச் சொல்லாமலே போகலாம் என்பது ஊராருக்கு உள்ள வழக்கம். கூடப் பிறந்தவளுக்கு ஆள் வந்து சொல்லித்தான் ஆக வேண்டும். அவள் வரும்வரை பெட்டி திறந்தே இருக்கும். அம்மா அதை நம்பிக் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அவள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதைவிட, பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே அழுகை வந்தது.

என்னைவிட இளையவனான மாமா மகனுக்கு அடித்தேன். பின்னால் பாட்டுச் சத்தம். கல்லறைத் தோட்டத்தில் இருந்தான்.

"மைனி, குரூப்ல காலைலயே போட்டாச்சே. எல்லாருக்கும் டபுள் டிக் வந்துட்டு. அத்தைக்கும் நீங்க சொல்லிருப்பீங்கன்னு நெனச்சேன். அத்தை வரலையேன்னு எல்லாரும் கேட்டாங்க. ஒடம்பு சரியில்லபோலன்னு நானே சொல்லிட்டேன்."

"பெட்டிய மூடியாச்சா?"

"எறக்கியாச்சு மைனி. டென்ஷன் லேனேக்கா நஹி, கவலப்படாதீங்க. ஃபுல்லா லைவ் போயிட்டிருக்கு, ரெக்கார்டிங் அனுப்புதேன்."

துட்டி சொல்வதற்கென்றே பிறந்த மாதிரி அலைந்த மனிதருக்குத் துட்டி சொல்ல ஒருத்தன் கிளம்பவில்லை. தாராவியிலிருந்து செம்பூர் என்ன சீமையிலா இருக்கிறது?

வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலுக்கு நேராக நாற்காலி போட்டு வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக்கூடப் போட்டிருந்தாள். மடியில் ஃபோன். அடக்கம் முடிந்துவிட்டது என்று நான்தான் சொன்னேன். நம்பாமல் என்னையே பார்த்தாள். பிறகு குனிந்து, செருப்பைக் கழற்றிச் சுவரோரமாக வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ரெக்கார்டிங்கைக் காட்டப் போனேன். பாதி நேரம் யாரோ ஒருவரின் முதுகுதான் தெரிந்தது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"படத்துல பாக்கவா எங்கண்ணன் கூடப் பொறந்தேன்?"

சில வாரம் கழித்து, பட்டன் ஃபோன் வைத்திருக்கும் வயதானவர்கள் போதவில்லை என்று ஆராய்ச்சியை நடத்தும் அம்மாள் குறைப்பட்டுக்கொண்டார். வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாளே என்று அம்மாவை உட்கார வைத்துக் கேட்டேன். உறவினர்களோடு நெருக்கம் என்ற கேள்வி வந்தது.

"அன்னைக்குப் பூரா அது என் மடியிலதான் கெடந்துச்சு. ஒங்கண்ணன் போயிட்டாவ, வாங்க அத்தைன்னு அண்ணன் மவன் ஒரு தடவகூட அடிக்கலையே" என்றாள்.

அதற்கு டேப்லெட்டில் இடமில்லை. மாற்றமில்லை என்று தட்டினேன். வேறென்ன செய்ய? அந்த அறிக்கை ஒருநாள் அழகான அட்டையோடு வெளிவரும். அதில் என் அம்மா மாற்றமில்லாதவர்களில் ஒருத்தியாக இருப்பாள்.

அம்மா எழுந்து போகாமல் உட்கார்ந்தே இருந்தாள்.

"எனக்கு ஒண்ணுன்னா குரூப்ல போட்றாத. ஒங்க மாமா மாதிரி வாசல் வாசலாப் போயிச் சொல்லு. தண்ணி குடிக்காத."

"சரிம்மா."

சரி என்று சொல்லிவிட்டு மனதுக்குள் கிளம்பிப் பார்த்தேன். சுனாபட்டியில் ஒன்றுவிட்ட சித்தி வீட்டுக்கு எந்தச் சந்தில் திரும்ப வேண்டும்? தாணேக்காரர்கள் புது பில்டிங்குக்குப் போன பிறகு நான் போனதே இல்லை. அங்கே பால் காய்ச்சியதையும் ஃபோனில்தான் பார்த்தேன். தினமும் காலையில் அத்தனை பேரும் எனக்கு பைபிள் வசனம் அனுப்புகிறார்கள், நானும் ஆமென் போடுகிறேன். அவர்களில் ஒருவர் வீட்டு வாசலும் எனக்குத் தெரியாது.

"எல்லார் வீடும் தெரியும்லாட்டி?" என்றாள் அம்மா.

"தெரியும்மா" என்றேன்.