வண்டிக்குக் கேட்காத தூரம்

செய்தி சைக்கிளில் வந்தது. சாலைகளில் மரம் வெட்டிப் போட்டிருந்த வாரம். சிதம்பரத்துக்குப் பேருந்து இல்லை, தபால் இல்லை. திருநாவலூரிலிருந்து எங்கள் சொந்தக்காரர் ஒருவர் மிதித்துக்கொண்டு வந்து விடுதி வாசலில் நின்றார். "ஒங்க மாமாவுக்கு ஒடம்பு சரியில்லம்மா, கெளம்பு" என்றார். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பித் தரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

கேரியரில் உட்கார்ந்து வந்தேன். மரம் கிடந்த இடங்களில் இறங்கினேன். அவர் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைப்பார். நான் கிளைகளுக்குள் குனிந்து போவேன். எல்லாம் புளியமரங்கள். காய் இன்னும் பச்சையாக இருந்தது. அவை எதற்காகக் கிடக்கின்றன என்று எனக்குத் தெரியும். எனக்கும், எனக்குப் பின்னால் படிக்க வரப்போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இடஒதுக்கீடு கேட்கிறார்கள். தெரிந்துகொண்டேதான் தாண்டினேன்.

கள்ளக்குறிச்சியில் அக்கா வீட்டில் எல்லாம் முடிந்திருந்தது. அக்கா சுவரில் சாய்ந்திருந்தாள். வாசலில் மாமாவின் வண்டி நின்றது.

ஏழுமலை என் அக்கா மல்லிகாவின் கணவர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிக்கப் வண்டிகள் நிற்கும் இடத்தில், வண்டிக்காரர்களான உங்களோடு நின்றவர். வெள்ளிமலைக்கு உப்பும் மண்ணெண்ணெயும் ஏற்றிப் போவார். கிழங்கும் கடுக்காயும் இறக்கி வருவார். நாற்பது வயதைத் தாண்டவில்லை. அவரைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் பதினாறாம் நாள் காரியத்தில் படிக்க நாலு வரி வேண்டும் என்று கேட்டீர்கள். எழுதுகிறேன்.

ஒரு விடுமுறையில் அக்கா கொடுத்த சாப்பாட்டோடு ஸ்டாண்டுக்கு வந்திருந்தேன். சங்கராபுரத்திலிருந்து ஒருவர் வந்தார். இதே மாதிரி வண்டி ஒன்றை வாங்க நினைத்திருந்தார். வைத்திருப்பவர்களைக் கேட்டுவிட்டு வாங்கலாம் என்று வந்தவர்.

"மலைக்கு ஏறுங்களா?"

மாமா பானட்டைத் தட்டினார். "ஏறுமாவா? ஆட்டுக்குட்டி மாதிரி ஏறும்."

"டீசலு?"

"கம்மிதான்."

"ரிப்பேரு?"

"இன்னாங்க நீங்க, பொண்ணு பாக்க வந்த எடத்துல பொண்ணுகிட்டயே கேக்கறீங்க. வாங்க, டீ சாப்புடலாம்."

சாலையைக் கடந்தார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் மாமாவின் குரல் தாழ்ந்தது.

"டீசல் ஜாஸ்தி குடிக்கும். ஸ்பிரிங் பட்டை அடிக்கடி ஒடையும். மழைல பிரேக்குல தண்ணி பூந்துச்சின்னா கொஞ்ச தூரத்துக்கு சாமிதான் ஓட்டணும். ஆனா ஒன்னு, நடுவழில வுட்டுட்டுப் போவாது."

"இத அங்கயே சொல்லிருக்கலாமேங்க?"

"வண்டி காதுல வுழுந்தா கோச்சிக்கும்."

வந்தவர் சிரித்தார். பக்கத்து பெஞ்சில் இருந்த இன்னொரு வண்டிக்காரர் காதர் பாய் சிரிக்கவில்லை. "சிரிக்காதீங்க. என் வண்டிய வித்துடலாமான்னு அது மேல சாஞ்சிக்கினு ஒரு வார்த்த சொன்னேன். மறுநாளே மலைல ரேடியேட்டர் பொங்கிச்சி. அல்லா மேல சத்தியம்."

"ஒன் வண்டி நீ பேசாட்டியும் பொங்கும் பாய்" என்றார் செல்வராசு அண்ணன். அவருக்கும் சொந்த வண்டி உண்டு. அதைச் சொல்லும்போது அவரும் தன் வண்டிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

இந்த வழக்கம் உங்கள் எல்லோருக்கும் உண்டு. வண்டியின் குறையை வண்டி அருகில் சொல்வதில்லை. சாலையைக் கடந்துதான் சொல்வீர்கள்.

அன்று திரும்பும்போது கேட்டேன். "மாமா, இரும்புக்கு ஏது காது?"

"இரும்புக்கு இல்ல, காலேஜு. எனக்கு இருக்குதில்ல." அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "கொறைய சொல்லிக்கினே ஏறி ஒக்காந்தா கை நடுங்கும். ஒரு பக்கம் பள்ளம். நம்பித்தான் ஏறணும்."

அப்போது அது எனக்குப் போதுமான பதிலாக இருந்தது.

சிதம்பரத்தில் சேர்ந்த நாள். அவர்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டார். விடுதி வாசலில் காவலாளி மறித்தார். "லோடு வண்டி உள்ள வுட மாட்டோம்."

"லோடு இல்லீங்க. பொண்ணு படிக்க வந்துக்கிது."

காவலாளி விடவில்லை. மாமா வாக்குவாதம் செய்யவில்லை. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். கார்களில் வந்திருந்தவர்கள் பார்த்தார்கள். என்னால் அவர்களைப் பார்க்க முடியவில்லை. அவரால் முடிந்தது. ஒவ்வொருவரிடமும் "பொம்பளப் புள்ளைங்க ஆஸ்டலு இதானுங்களே?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

கிளம்பும் முன் "கொஞ்சம் இப்படி வா" என்றார். கட்டடத்தை விட்டு, வாசலை விட்டு, சாலைக்கு அந்தப் பக்கம் நடத்திப்போனார். வண்டியில் ஏதோ கோளாறு, அதைத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"புடிக்கலன்னா ஒரு கார்டு போடு. நடுவுல வுட்டுட்டு வந்தா ஒன்ன யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க. நான் பாத்துக்கறேன். வந்து இட்டுக்கினு போறேன்."

"இதுக்கு எதுக்கு மாமா இவ்ளோ தூரம்?"

கட்டடத்தைக் கண்ணால் காட்டினார். "அது காதுல வுழக்கூடாது இல்ல. வந்த அன்னிக்கே."

கார்டு போட வேண்டியிருக்கவில்லை. ஆனால் போடலாம் என்பதால்தான் அங்கே இருந்தேன். இதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லும்படியான சந்தர்ப்பம் வரும் என்று இருந்தேன்.

போராட்டம் தொடங்கியபோது கூட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிப்போக வண்டி கொடுத்தார். "நம்ம புள்ளைங்க கேக்கறது ஞாயந்தான?" என்றார். மரம் வெட்டுவது பற்றி நான் கேட்டேன். "மரம் பாவந்தான். ஆனா சும்மா நின்னா யாரு திரும்பிப் பாக்கறாங்க சொல்லு" என்றார். சிறிது நேரம் கழித்து, "வழிய அடைக்கறப்ப எவன் வர்றான்னு தெரியாதே, அதான் ஒரு மாதிரி இருக்குது" என்றார்.

இனி எழுதப்போவது எனக்குச் செல்வராசு அண்ணன் சொன்னது. பந்தலில் உட்கார்ந்து அவர் சொன்னபோது உங்களில் பலர் இருந்தீர்கள்.

அவருடைய வண்டி பட்டறையில் இருந்ததால் அன்று மாமாவின் வண்டியில் மலைக்குப் போயிருக்கிறார். வெள்ளிமலையில் கிழங்கு ஏற்றிக்கொண்டிருக்கும்போது மாமாவுக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. வேர்த்திருக்கிறது. ஏற்றிய மூட்டைகளைக் கீழே தள்ளிவிட்டு, தார்ப்பாயை மடித்துப் போட்டு அவரைப் பின்னால் படுக்கவைத்தார்கள். அண்ணன் ஓட்டினார். மலையை இறங்கும்வரை வண்டி ஒரு குறையும் வைக்கவில்லை. கச்சிராயபாளையமும் தாண்டியாயிற்று. ஊர் நெருங்கும் இடத்தில், போகும்போது இல்லாத மரம்.

அண்ணன் இறங்கி ஓடிப்போய்ச் சொன்னார். மரம் போட்டவர்கள் மறுக்கவில்லை. ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். "அய்யோ, நம்ம ஏழுமலைண்ணன்!" என்றார். உடனே மரத்தைப் புரட்ட ஆரம்பித்தார்கள். இந்தப் பக்கம் பாதிப் பேர், அந்தப் பக்கம் பாதிப் பேர். இஞ்சின் சத்தத்தில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கவில்லை. "அண்ணே, வண்டிய கொஞ்சம் நிறுத்துண்ணே" என்று யாரோ கத்தினார்.

"அப்பதான் அவரு கையத் தூக்குனாரு" என்றார் செல்வராசு அண்ணன். "எறக்கி வுடு, எறக்கி வுடுன்னாரு. மறுபடியும் அதையே சொன்னாரு. குமட்டுதுபோலன்னு நெனச்சேன். ஆடாம படுண்ணே, இதோ பூடலாம்னேன். சொல்லிட்டு வந்து வண்டிய நிறுத்தனேன்."

மரம் நகர்ந்தது. வழி கிடைத்தது. வண்டி எடுக்கவில்லை.

அண்ணன் பேட்டரியைப் பார்த்தார். செல்ப் ஸ்டார்ட்டரைப் பார்த்தார். "டீசல் லைன்ல காத்து புடிச்சிருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. தோணுமா? ஸ்டாண்டு வண்டிங்கள்லயே வழில நிக்காத வண்டின்னா அதான்னு அவரே சொல்லிக்கினு இருப்பாரு."

அந்த இடத்தில்தான் அக்கா முதல்முறையாகத் தலை நிமிர்ந்தாள்.

"எறக்கி வுடச் சொன்னாரா?"

"ஆமா, மல்லிகா."

"சூட்டோட நிறுத்தனா காத்து புடிச்சிக்கிது, மறுபடி எடுக்க மாட்டேங்குதுன்னு போன வாரந்தான் எங்கிட்ட சொன்னாரு. வண்டி வாசல்ல நிக்குதுன்னு என்ன கெணத்தாண்ட இட்டுக்கினு போயி சொன்னாரு."

காதர் பாய் வாயைக் கையால் மூடிக்கொண்டார். செல்வராசு அண்ணன் எழுந்து நின்றார். எதற்கு எழுந்தோம் என்று தெரியாதவர்போல் மறுபடி உட்கார்ந்தார்.

வண்டிக்குக் கேட்காத தூரத்தில் அதைச் சொல்வதற்காகத்தான் இறக்கச் சொன்னாரா? தெரியாது. குமட்டியிருக்கலாம். தரையில் படுக்கத் தோன்றியிருக்கலாம். வண்டியில் படுத்தபடியே 'நிறுத்தாதே' என்று சொல்லியிருக்க முடியும். ஒரு சொல்தான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இரும்புக்குக் காது இல்லை. அதை இப்போது யாரிடம் சொல்வேன்.

யார் மீதாவது கோபப்பட முடிந்தால் நன்றாக இருக்கும். முயன்று பார்த்தேன். செல்வராசு அண்ணன் நிறுத்தாமல் இருந்திருக்கலாம், ஆனால் நிறுத்தச் சொன்னது மரத்தைச் சீக்கிரம் புரட்டத்தான். மரம் போட்டவர்கள் எனக்காகப் போட்டார்கள். வண்டியைத் திட்டலாம். எல்லாம் முடிந்த பிறகு பட்டறைக்காரர் வந்து டீசல் லைனில் இருந்த காற்றை எடுத்துவிட்டதும் முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆனதாம். வீட்டுக்கு அதுவே ஓடி வந்தது.

மாட்டு வண்டி கொண்டுவர ஓர் ஆள் ஓடியிருக்கிறார். அதுவரை நிற்க மனமில்லாமல் மற்றவர்கள் பிக்கப்பைத் தள்ளியிருக்கிறார்கள். சாலையை மறித்த அத்தனை பேரும். ஆஸ்பத்திரி வாசல்வரை. உள்ளே கொண்டுபோன பிறகு டாக்டர் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

காரியத்துக்கு முந்தின நாள் பழனி வந்தார். அன்று எட்டிப் பார்த்து 'நம்ம ஏழுமலைண்ணன்' என்றவர் அவர்தான். முப்பது வயது இருக்கும். படலுக்கு வெளியே வெயிலில் வெகுநேரம் நின்றார். அக்கா உள்ளே வரச் சொன்னாள். வந்தார், உட்காரவில்லை.

"நாங்க வேணும்னு பண்ணலக்கா."

"தெரியும்."

"ஆம்பலன்ஸு, ஆஸ்பத்திரி கேசு எல்லாத்தையும் வுட்டுக்கினுதான் இருந்தோம். அண்ணனையும் வுட்டுட்டோம்க்கா. வண்டிதான்..."

"தெரியும்னு சொல்றேன் இல்ல." அக்கா பிறகு கேட்டாள். "நீங்க எந்தப் பக்கம் இருந்து தள்னீங்க?"

"பின்னால. அவரு தலமாட்டுல."

"கண்ணு தொறந்து இருந்தாரா?"

"இருந்தாருக்கா. எங்க மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தாரு."

"எதனா சொன்னாரா?"

பழனி தரையைப் பார்த்தார். எங்களுக்கு வேண்டியது தான் சொல்லப்போவதல்ல என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அக்காவின் பெயரை, பிள்ளைகளின் பெயரை, ஏதாவது ஒன்றைச் சொல்லியிருந்தால் கொண்டுவந்து கொடுத்திருப்பார். அவரிடம் அது இல்லை.

"மெதுவாடான்னாரு. ஏன்டா இப்டி ஓடறீங்க, மூச்சு வாங்குது பாரு ஒங்களுக்கு, மெதுவா தள்ளுங்கடான்னாரு."

அக்கா தலையை ஆட்டினாள். நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தாள். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேறு ஒன்றும் எனக்குச் செய்யத் தெரியவில்லை.

"நீங்க இன்னா பண்ணீங்க?" என்று பழனியிடம் நான்தான் கேட்டேன்.

"கேக்கலம்மா. ஓடித்தான் தள்னோம்."

அவர் மெதுவாகத் தள்ளச் சொன்னார். அவர்கள் கேட்காமல் ஓடினார்கள். என்னிடம் இருப்பது இவ்வளவுதான். இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.